இரண்டு பேருக்கு ஓர் அங்கி

நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி வேலை நாள். காலை பதினொன்றரை மணி இருக்கும். டவாலிச் சேவகன் வாசலில் நின்று எதிர்க்கட்சியின் பெயரை மூன்று தடவை கூவினான். யாரும் வரவில்லை. எதிர்க்கட்சி வக்கீலும் வரவில்லை. முன்சீப் வழக்குக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

எந்த இளம் வக்கீலுக்கும் கனவில் வருகிற நிமிஷம் அது. எதிரே ஆளே இல்லை. "நாங்கள் தயார். எதிர்க்கட்சி வரவில்லை. எங்களுக்கு உத்தரவு கொடுங்கள்" என்று சொன்னால் போதும். என் முதல் சொந்தக் கட்சிக்காரிக்குக் கேட்டது கிடைத்துவிடும். சொல்ல வேண்டியதையெல்லாம் இங்கிலீஷில் எழுதி, இரண்டு நாட்களாக அறைக்குள் நடந்துகொண்டே நெட்டுருப் போட்டிருந்தேன்.

எழுந்தேன். அங்கியைச் சரிசெய்தேன். முன்சீப்பின் முகத்தைப் பார்த்தேன்.

"அவகாசம் வேண்டும், சார்" என்றேன்.

முன்சீப்பும் பழக்கத்துக்கு அடிமைதான். என்னிடமிருந்து வேறு எதையும் அவர் கேட்டதே இல்லை. "விடுமுறைக்குப் பிறகு" என்று முணுமுணுத்து எழுதிவிட்டு, கட்டைத் தள்ளி, அடுத்ததை எடுத்தார். நான் வழக்கம்போலக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

வாய்தா வக்கீல்

சட்டக் கல்லூரி ஹாஸ்டலைப் பற்றி இந்தப் பகுதியில் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு மாணவர் கடிதம் எழுதியிருக்கிறார். "இந்தத் தொழிலில் காலூன்ற எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்கிறார். நேரான பதில் என்னிடம் இல்லை. என் கதையைச் சொல்கிறேன், அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

பி.எல். முடித்துப் பட்டணத்திலிருந்து நான் திரும்பியபோது நாமக்கல்லில் கட்சிக்காரர்களைவிட வக்கீல்கள் அதிகம் என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. வேடிக்கை என்று அவர்கள் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னோடு படித்தவர்களில் ஒருவன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகிவிட்டான். ஒருவன் ஹைஸ்கூலில் சரித்திரம் நடத்தினான். பணக்கார மாமனார் கிடைத்த ஒருவன் மட்டும் பட்டணத்திலேயே பெயர்ப்பலகை மாட்டினான். பெண் வீட்டாரும் அப்போது தெளிவாகத்தான் இருந்தார்கள். "பையன் உத்தியோகமா, பிராக்டீஸா?" என்று கேட்பார்கள். பிராக்டீஸ் என்று சொன்னால், ஜாதகத்தை மடித்துக்கொண்டு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

என் சீனியருக்கு நாமக்கல்லிலும் சேலத்திலும் நல்ல கிராக்கி. ஒரே நாளில் இரண்டு ஊரிலும் வழக்கு இருக்கும். அவர் சேலத்துக்குப் போய்விடுவார். நாமக்கல்லில் நான் எழுந்து, "சீனியர் ஜில்லா கோர்ட்டில் ஒரு விசாரணையில் இருக்கிறார், அவகாசம் வேண்டும்" என்பேன். வாய்தா கிடைக்கும். அவ்வளவுதான் வேலை. இரண்டரை வருஷம் இதைத் தவிர வேறு ஒரு வார்த்தை நான் கோர்ட்டில் பேசியதில்லை. தேநீர்க்கடைக்காரர் முதல் டவாலி வரை எல்லாருக்கும் நான் "வாய்தா வக்கீல்" தான்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. கோர்ட் வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டே இருப்பேன். அந்தக் கல்தளத்தில் எத்தனை கற்களில் விரிசல் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். சட்டப் புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்துகொண்டே வந்தது.

நடேசன்

என் அறைத்தோழன் நடேசன் ஆத்தூர்க்காரன். பள்ளிக்கூட வாத்தியார் மகன். கல்லூரியில் இருந்தே சிநேகம். வேறொரு சீனியரிடம் ஜூனியராக இருந்தான். அவன் பிழைப்பும் என் பிழைப்பேதான்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் எங்கள் அறை. பாய் இரண்டு, கூஜா ஒன்று, அங்கி ஒன்று. ஆம், வக்கீல் அங்கி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான். யுத்த காலம், துணிக்குப் பஞ்சம். அதோடு வாய்தா கேட்க அரை நிமிஷம் போதும். அதற்கு ஆளுக்கொரு அங்கி எதற்கு என்று நடேசன்தான் யோசனை சொன்னான். என் முறை வரும்போது நான் மாட்டிக்கொள்வேன். உட்கார்ந்ததும் கழற்றி அவனிடம் கொடுப்பேன். முன்சீப்புக்கு இது தெரியும். அங்கி இல்லாதவன் எழுந்தால் "நீங்கள் என் கண்ணுக்குத் தெரியவில்லையே" என்பார், அவ்வளவுதான்.

ஜூனியர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. ஒரு ஜூனியர் வாய்தா கேட்டால், எதிரே இருக்கிற ஜூனியர் எழுந்து "ஆட்சேபணை இல்லை" என்று சொல்ல வேண்டும். இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. வாய்தா வாங்கத் தவறிய ஜூனியருக்கு அன்று சீனியர் வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் சட்டத்தை யாரும் மீறியதே இல்லை.

பாவாயி அம்மாளின் கிணறு

இப்படி இருக்கும்போதுதான் பாவாயி அம்மாள் வந்தார். புதுச்சத்திரம் பக்கத்துத் தோட்டக்காரர். புருஷன் இல்லை. அவருக்கும் புருஷனுடைய பங்காளிக்கும் பொதுவாக ஒரே ஒரு கிணறு. மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கிற கிணறு. எட்டு நாள் முறை. அதில் இரண்டு நாள் இவருடைய பாகம் என்று பத்திரத்தில் இருக்கிறது. பங்காளி சமீபமாக அந்த இரண்டு நாளும் தன் மாடுகளைக் கிணற்றடியில் கட்டிவைத்துக்கொண்டு இவரை அண்ட விடவில்லை.

சீனியருக்கு இது சின்னக் கட்டு. "நீயே பார்த்துக்கொள்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். பாவாயி அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரு வரமாட்டாருங்களா?"

"நான்தாங்க பார்ப்பேன்."

"நீங்க கோர்ட்டுல பேசுவீங்களா சாமி?"

"பேசுவேன்" என்றேன்.

எதிர்க்கட்சிக்காரன் போய்ச் சேர்ந்தது நடேசனுடைய சீனியரிடம். நானும் நடேசனும் ஒரே அறையில் படுத்து எழுந்தாலும், அந்த ஒரு வழக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை. அவன் ஒருநாள் சைக்கிளில் போய்த் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தான் என்பது அவன் வேட்டியில் இருந்த செம்மண்ணைப் பார்த்து எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

அந்த அம்மாளின் தோட்டத்தில் ராகி நின்றது. கதிர் வந்துவிட்டது. இன்னும் இரண்டு முறை தண்ணீர் பாய்ந்தால் அறுப்பு. பாயாவிட்டால் ராகித் தாள்கூட மிஞ்சாது. கோர்ட் மூடினால் இரண்டு மாதம் திறக்காது. ஆகவே கடைசி வேலை நாளில் தடை உத்தரவு கிடைத்தால்தான் உண்டு.

எனக்கும் அந்த நாளில் ஒரு கெடு இருந்தது. ராசிபுரத்தில் என் அப்பா பத்துத் தறி போட்டுப் பட்டுச்சேலை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். மூத்த மகன் வக்கீல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவர், இப்போது அந்தப் பேச்சு வந்தாலே நூல் கண்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். யுத்தத்துக்காகச் சேலத்தில் புதிதாக ஒரு தானிய ஆபீஸ் திறந்திருந்தார்கள். அதில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"இந்தக் கோடைக்குள்ள ஒரு கேசாச்சும் நீயா நின்னு பேசிப்போட்டயின்னா, உன்ற வழியில நானு வரல. இல்லாட்டி சேலம் போயிச் சேரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

வேப்பமரத்தடி

இனி அந்தக் காலைக்குத் திரும்புகிறேன்.

வராந்தாவில் எங்கள் குமாஸ்தா ரங்கசாமி என்னை ஓரமாக இழுத்தார். நடந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"எதிர்க்கட்சி வாய்தா வாங்கிட்டாங்கன்னு அந்தம்மாட்டச் சொல்லிப்போடுங்க தம்பி. இருவது வருசமா நான் அப்படித்தான் சொல்றேன். இதுவரைக்கும் ஒருத்தரும் சண்டைக்கு வரல."

சொல்வது சுலபம். கோர்ட்டில் பேசுவது இங்கிலீஷ். பாவாயி அம்மாளுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திராது. நான் வேப்பமரத்தடிக்கு நடந்தேன். எனக்கு முன்னால் என் நிழல் கோணல்மாணலாகப் போயிற்று.

அவர் மரத்தடியில் ஒரு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியில் சுற்றிய நாலைந்து ராகிப் பயிர், வேரோடும் மண்ணோடும். கோர்ட் துரைக்குக் காட்ட வேண்டும் என்று விடியற்காலையில் பிடுங்கிக்கொண்டு வந்தது. "இதையெல்லாம் கோர்ட்டில் எடுக்க மாட்டாங்க, வெளியிலேயே வையுங்க" என்று காலையில் நான்தான் அதட்டி அனுப்பியிருந்தேன். என் கௌரவத்துக்கு அது குறைச்சலாகப் பட்டது.

"தீர்ப்பாயிருச்சுங்களா சாமி?"

"இல்லைங்க. லீவு முடியற வரைக்கும் தள்ளிப் போயிருச்சு."

"ஆரு தள்ளுனாங்க?"

ரங்கசாமி என் பின்னால் வந்து நின்று கனைத்தார். பொய் நாக்கு நுனி வரை வந்தது. அந்த அம்மாளின் விரல்கள் துணிக்குள் இருந்த வேர்மண்ணை அழுத்திவிட்டுக்கொண்டே இருந்தன, ஈரம் காய்ந்துவிடக் கூடாது என்று.

"நான்தானுங்க" என்றேன்.

"நீங்க எனக்குத்தானுங்க வக்கீலு?"

"ஆமாங்க."

"அப்பறம் ஏனுங் தள்ளுனீங்க?"

"பழக்கதோசத்துல வாயில வந்துருச்சுங்க. வேணும்னு செய்யல."

கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எங்கூட்டு மாடும் இப்பிடித்தானுங்க. கவலையில கட்டிப் பழகிப்போச்சு. சந்தைக்குப் போலாம்னு வண்டியில பூட்டுனா, நாலு எட்டு முன்னால போகும், அப்பறம் தானா பின்னாலயே வரும்."

கவலை இறைக்கிற மாடு முன்னால் போய்த் தண்ணீரை மேலே இழுத்து, பின்னாலேயே நடந்து திரும்பும். அதை நினைத்துப் பார்த்தேன். ரங்கசாமி சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

"அதுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மூக்கணாங்கயித்தப் புடிச்சு முன்னால இழுக்கோணுமுங்க. கேட்டதும் குடுத்துப்போட்டாருல்ல அந்தத் தொரை? வேண்டாமுங்கன்னு திருப்பிக் குடுத்தா வாங்கிக்க மாட்டாருங்களா? போயிச் சொல்லுங்க சாமி."

வாய்தாவைத் திருப்பிக் கொடுப்பதா! அப்படி ஒருவன் செய்ததாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஆனாலும் கோர்ட்டை நோக்கித் திரும்பி நடந்தேன்.

மூன்று மணி வரை

அன்றைய கட்டுகள் ஒவ்வொன்றாகப் போகிற வரை காத்திருந்தேன். இடைவேளைக்கு எழப்போன முன்சீப்பின் முன்னால் போய் நின்றேன். என் கட்சிக்காரி அவகாசம் கேட்கவில்லை, நான் பழக்கத்தில் கேட்டுவிட்டேன், அதை ரத்துசெய்து வழக்கை இன்றே கேட்க வேண்டும் என்று சொன்னேன்.

கோர்ட்டே சிரித்தது. கோர்ட் தலைமைக் குமாஸ்தாவான சிரிஸ்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

முன்சீப் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சிரிக்காமல் கேலி செய்வார். "நீங்கள் வாதிக்காக ஆஜராகிறீர்களா, கோடை விடுமுறைக்காக ஆஜராகிறீர்களா?" என்று கேட்டார். பிறகு காலையில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். "மூன்று மணிக்கு. எதிர்க்கட்சி வந்தால் அவர்களையும் கேட்பேன்."

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் சாப்பிடவில்லை. சேலம் ரோட்டுக்கும் கோர்ட்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். நடேசன் அவனுடைய சீனியரின் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முந்தின நாளே சேலம் போயிருந்தான். சீனியர் அங்கேயே தங்கிவிடுவார். வாய்தா வாங்க இவனைத் திருப்பி அனுப்புவார். இது எனக்குத் தெரியும். அப்போது பஸ்ஸெல்லாம் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடின. மேட்டைக் கண்டால் நிற்கும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். காலையில் வரவேண்டிய பஸ் மாலையில் வருவதும் உண்டு.

பஸ் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என் சிநேகிதன் எங்கோ வெயிலில் பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நாமகிரித் தாயாரை வேண்டினேன்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பஸ் வந்தது.

நடேசன் ஓடிவந்தான். முகம், கழுத்து, சட்டைக்கை எல்லாம் கரி. பல் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"அங்கியக் கழட்டுடா. கேஸைக் கூப்பிட்டாச்சா?"

"மூணு மணிக்கு எடுக்கறாங்க."

"அப்பாடா. பொழச்சேன்." மூச்சு வாங்கினான். "எப்படியாவது வாய்தா வாங்கிடு, இல்லாட்டி என் வீட்டு வாசப்படி மிதிக்காதேன்னு சீனியர் சொல்லி அனுப்பிச்சிருக்கார். லீவு முடியற வரைக்கும் இழுத்துட்டா எங்க கட்சிக்காரனுக்கு வேற ஒண்ணும் வேணாமாம்." அங்கியை மாட்டிக்கொண்டே, "ராசிபுரத்துல உங்கப்பா பஸ்ஸுல ஏறி என்னைப் பாத்தார்டா. லீவு விட்டதும் உன்னை வரச் சொன்னார். அந்தச் சேலம் வேலை காலியாத்தான் இருக்காம்" என்றான்.

அவனிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "நடேசா, நான் இன்று உன்னை எதிர்க்கப் போகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் தயாராகவாவது இருந்திருப்பான். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. நேராக வேப்பமரத்தடிக்குப் போய், அந்த அம்மாளிடம் மூட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆட்சேபணை

நடேசன் எழுந்து வழக்கமான வாக்கியத்தைச் சொன்னான். சீனியர் ஜில்லா கோர்ட்டில் விசாரணையில் இருக்கிறார், அவகாசம் வேண்டும். அழகாகச் சொன்னான்.

முன்சீப் என் பக்கம் திரும்பினார். "ஆட்சேபணை இல்லையே?"

நான் எழுந்தேன். அங்கி இல்லை. முன்சீப் காத்திருந்தார். நடேசன் அவசரமாகக் கழற்றி என் தோளில் அவனே போட்டுவிட்டான், சிரித்துக்கொண்டே. கழுத்துப்பட்டையில் அவன் வியர்வையும் கரியும் ஈரமாக ஒட்டின.

"ஆட்சேபணை உண்டு, சார்."

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

அதன் பிறகு பத்து நிமிஷம் பேசினேன் என்று ரங்கசாமி சொன்னார். எனக்கு முழுவதும் நினைவில்லை. கிணற்று முறையையும் பத்திரத்தையும் சொன்னேன். எதிர்க்கட்சி தன் எதிர்மனுவில், இந்த அம்மாள் இரண்டு வருஷமாக இந்தக் கிணற்றில் இறைக்கவே இல்லை, ஆகையால் பாத்தியதை போயிற்று என்று எழுதியிருந்தது. நெட்டுருப் போட்ட இங்கிலீஷ் அந்த இடத்தில் தீர்ந்துபோயிற்று. நான் துணியைப் பிரித்து ராகிப் பயிரை மேஜைமேல் வைத்தேன். மண் உதிர்ந்தது. சிரிஸ்தார் தன் காகிதங்களை அவசரமாக நகர்த்திக்கொண்டார்.

"தை மாதத்திலிருந்து ஒரு துளி மழை இல்லை. இந்த அம்மாள் கிணற்றில் இறைக்கவில்லை என்றால், இது எந்தத் தண்ணீரில் இவ்வளவு வளர்ந்தது?" என்றேன். அங்கியைக் கழற்றி நடேசனிடம் நீட்டினேன்.

நடேசன் எழுந்தான். அவனும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வேண்டியிருந்தது. அங்கியை மாட்டிக்கொள்ள அவனுக்குக் கை நுழையவில்லை. ஆனால் பேச ஆரம்பித்ததும் நான் அசந்துபோனேன். பயிரைக் கோர்ட்டில் வைத்தால் அது சாட்சியம் ஆகாது, எந்த நிலத்துப் பயிர் என்பதற்கு ருசு இல்லை, வேறு தண்ணீரிலும் வளர்ந்திருக்கலாம் என்று அடுக்கினான். கல்லூரியில் விளையாட்டுக் கோர்ட் நடத்தும்போது அவன்தான் எங்களில் கெட்டிக்காரன். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

முன்சீப் பயிரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த மனிதர் வீட்டிலும் நிலம் இருந்திருக்க வேண்டும். வேரை நகத்தால் கிள்ளினார்.

"வேறு தண்ணீர் என்கிறீர்கள். அங்கே வேறு கிணறு இருக்கிறதா?"

நடேசன் வாயைத் திறந்தான். மூடினான். சைக்கிளில் போய் அந்தத் தோட்டத்தைச் சுற்றி வந்தவன் அவன். கட்சிக்காரனைக் கேட்டுச் சொல்கிறேன், அவகாசம் வேண்டும் என்று சொல்லலாம். இருக்கலாம் என்று மழுப்பலாம். அவனுடைய சீனியராக இருந்தால் மழுப்பியிருப்பார். நானாக இருந்தாலும் அநேகமாக அப்படித்தான் செய்திருப்பேன்.

"இல்லை, சார்" என்றான் நடேசன். "நான் நேரில் பார்த்தேன். அந்த ஒரு கிணறுதான்."

முன்சீப் எழுத ஆரம்பித்தார். வழக்கு முடிகிற வரை, வாதியின் முறை நாட்களில் அவர் இறைப்பதை யாரும் தடுக்கக்கூடாது.

வராந்தாவில்

பாவாயி அம்மாளிடம் ரங்கசாமிதான் செய்தியைச் சொன்னார், எல்லாவற்றையும் தாமே நடத்திவைத்த தோரணையில். நாளை மறுநாள் அந்த அம்மாளின் முறை. அதைக் கேட்டதும் புறப்பட்டுவிட்டார். என்னிடம் வந்து, "பேசுவேன்னீங்க, பேசிப்போட்டீங்க" என்றார். அவ்வளவுதான் பாராட்டு. எனக்குப் போதும்.

போகிற வழியில் நடேசனைக் கண்டு நின்றார். அவன் வராந்தாத் தூணில் சாய்ந்து கையிலிருந்த கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க நெசத்தச் சொன்னீங்களாமா, சாமி. குமாஸ்தா சொன்னாரு. நல்லா இருக்கோணும்."

அவன் கைகூப்பினான். அந்த அம்மாள் போன பிறகு என் பக்கம் திரும்பினான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"நல்லாப் பேசினேடா" என்றான். "பயிரைக் கொண்டாந்தது யார் யோசனை?"

"அந்த அம்மாவோடது."

"அதானே பார்த்தேன்." அங்கியை உதறி இரண்டாக மடித்து என்னிடம் கொடுத்தான். "வெச்சுக்கோ. எனக்கு இனிமே லீவு."

லீவு என்று அவன் சொன்னது நிரந்தரமாகிவிட்டது. வாய்தா வாங்கத் தெரியாத ஜூனியரும், கட்சிக்காரனுக்கு விரோதமாக உண்மை பேசுகிற ஜூனியரும் ஒரே ஆளாக இருந்தால், எந்தச் சீனியர் வைத்துக்கொள்வார்? சேலத்திலிருந்து திரும்பிய அன்றே அவர் நடேசனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் போய்க் கெஞ்சினேன். என்னை வாசலிலேயே நிறுத்தி, "உன் சீனியர் உனக்கு ஒழுங்கு மரியாதை கற்றுக்கொடுக்கவில்லையா?" என்று கேட்டார். என் சீனியர் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. வேறு சீனியர்களும் நடேசனைச் சேர்க்கத் தயங்கினார்கள். ஜூனியர்களும் என்னோடு ஒரு மாதிரியாகத்தான் பேசினார்கள். அதற்குப் பிறகு வெகுநாள் நான் வாய்தா கேட்டால் எதிரே இருப்பவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எழுந்தான்.

நான் ராசிபுரம் போனபோது அப்பா தறிப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். செய்தி எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய்ச் சேர்ந்திருந்தது.

"பேசுனயாமா?"

"பேசினேன்."

"செரி" என்றார். வெகுநாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அப்புறம், "அந்த ஆத்தூர்ப் பையனுக்கு என்ன வழி?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மறுநாள் சேலத்துக்குப் போய், எனக்காகச் சொல்லி வைத்திருந்த தானிய ஆபீஸ் வேலையை நடேசனுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சேலம் பஸ்

ஒரு திங்கட்கிழமை காலையில் அவனைப் பஸ் ஏற்றப் போனேன். கரி பஸ் கிளம்புவதற்கு முன் அடுப்பை ஊதிச் சூடேற்ற வேண்டும். கிளீனர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தான், புகை எங்கள் மேலேயே வந்தது. எனக்கு நிலைகொள்ளவில்லை. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் ஜன்னலோரம் டிரங்குப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அங்கியைப் பிடிவாதமாக என்னிடமே விட்டுவிட்டான். அதை வாங்க யோசனை சொன்னவன் அவன்தான்.

சொல்ல வேண்டியவை நிறைய இருந்தன. "நீ என்னைவிட நல்ல வக்கீல்" என்பது அவற்றில் முதலாவது. அன்று அந்தக் கோர்ட்டில் வாதாடியது நான். வழக்கை முடித்தது அவனுடைய ஒரே ஒரு பதில். உத்தரவு என் பெயரில் ஏறியது, வேலை அவன் பெயரிலிருந்து போயிற்று. பாவாயி அம்மாளின் ராகி வீடு வந்து சேர்ந்ததை நினைத்தால், மறுபடியும் அதையேதான் செய்வேன் என்று தோன்றும். அவன் கழற்றி என் தோளில் போட்ட அந்த அங்கியை நினைத்தால் அப்படித் தோன்றாது. இன்று வரை இந்த இரண்டுக்கும் நடுவேதான் நடந்துகொண்டிருக்கிறேன்.

பஸ் உறுமியது. கிளீனர் படியில் ஏறிக்கொண்டான். நடேசன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். முன்சீப் மாதிரியே, இல்லாத மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, அவருடைய குரலிலேயே இங்கிலீஷில் கேட்டான்:

"நான் போகிறேன். ஆட்சேபணை இல்லையே?"

உண்டு என்று சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டில் அத்தனை பேர் நடுவில் சொன்ன வார்த்தைதான் அது. நான் வாயைத் திறந்தேன். புகை நெஞ்சில் அடைத்து இருமல் வந்தது. இருமி முடித்து நிமிர்ந்தபோது பஸ் சேலம் ரோட்டில் திரும்பிவிட்டது.